பேலியோ வீட்டில் இனிப்பு: ஸ்டீவியா, எரித்ரிட்டால், கருப்பட்டி குறித்த ஒரு மதிப்பீடு

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து உண்ணும் பேலியோ உணவுமுறைக்கு வருபவர்கள் சோற்றை விட்டுவிடுகிறார்கள். இட்லியையும் தோசையையும்கூட மெல்ல மறந்துவிடுகிறார்கள். ஆனால் காபியில் போடும் சர்க்கரையை விடுவதற்குத்தான் பெரும்பாலோர் திணறுகிறார்கள். அந்தத் திணறலை நம்பியே ஒரு பெரிய சந்தை நடக்கிறது. பச்சை இலைப் படமும் "இயற்கை இனிப்பு" என்ற வாசகமும் போட்ட டப்பாக்கள் மருந்துக் கடை, பல்பொருள் அங்காடி, ஆர்கானிக் கடை, இணையக் கடை என எங்கும் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த உணவுமுறையைப் பின்பற்றத் தொடங்கியதிலிருந்து அவற்றில் பெரும்பாலான வகைகளை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். நிறுவனங்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. ஒரே நிறுவனம் ஒரே பெயரில் இரண்டு மூன்று கலவைகளை விற்கும்போது பெயரைச் சொல்லிப் பரிந்துரைப்பதால் வாங்குபவருக்குப் பயனில்லை. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, அது ஃபில்டர் காபியிலும் பாயசத்திலும் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனெனில் இந்த மதிப்பீடு முழுவதும் அதை வைத்தே நடக்கிறது. எனக்குரிய வரம்பு ஒரு நாளைக்கு மொத்தம் 40 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்; சர்க்கரையும் இதில் அடக்கம்). வீட்டுக் கரண்டியில் சற்றுக் குவித்து எடுத்தால் ஒரு கரண்டி சர்க்கரை 5 கிராம் இருக்கும். ஒரு தம்ளர் காபிக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு இரண்டு காபி என்றால் 20 கிராம். அதாவது நாள் முழுவதற்குமான அளவில் பாதி காபியிலேயே போய்விடுகிறது. இதில் பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று பால். நூறு மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் பால் சர்க்கரை உண்டு, அதை எந்த மாற்று இனிப்பாலும் குறைக்க முடியாது. ஆகவே மாற்று இனிப்பு என்பது இந்தக் கணக்கில் ஒரு பகுதியை மட்டும் சரிசெய்கிறது என்ற தெளிவோடுதான் கடைக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தவுடன் வரும் முதல் பதில் கருப்பட்டி. "வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல், கருப்பட்டி போட்டுக் குடியுங்கள்" என்று சொல்லாத உறவினர் இல்லை. கருப்பட்டியின் சுவையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பதநீரைக் காய்ச்சி இறுக்கிய நல்ல உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுச் சுக்கோடு கொதிக்கவைத்த காபிக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் பேலியோவில் அதற்கு இடமில்லை. கருப்பட்டியின் எடையில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் சர்க்கரைதான், அதிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ். உடன் இருக்கும் இரும்புச்சத்தும் பிற தாதுக்களும் உண்மைதான். ஆனால் காபியில் போடும் ஒரு சிறு துண்டிலிருந்து கிடைக்கும் அளவு அவ்வளவு சொற்பம் என்பதால் அதற்காக 10 கிராம் மாவுச்சத்தைச் செலவழிப்பது கட்டுப்படியாகாது. பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, தென்னஞ்சர்க்கரை ஆகியவற்றுக்கும் இதே தீர்ப்புதான். தேன் தண்ணீர் கலந்த சர்க்கரைக் கரைசல் என்பதால் எடைக்கு எடை கலோரி சற்றுக் குறைவு, அவ்வளவே. பேரீச்சம்பழத்தை அரைத்துச் செய்த உருண்டையைச் "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதி விற்பதில் பொய் இல்லை. ஆனால் காய்ந்த பேரீச்சையில் நான்கில் மூன்று பங்கு மாவுச்சத்து. ஓர் இனிப்புக் கடையில் "கீட்டோ லட்டு" (கீட்டோவும் மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறைதான்) என்ற பெயரில் என் கையில் கொடுக்கப்பட்ட பெட்டியின் பொருள் பட்டியலில் முதல் பெயரே பேரீச்சைதான். இந்தப் பொருள்கள் எல்லாம் நல்ல உணவாக இருக்கலாம், சாதாரண உணவு உண்பவர் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் இவற்றை விரும்பி எடுத்துக்கொள்ளலாம். மாவுச்சத்தை எண்ணி உண்பவருக்கு இவை மாற்று அல்ல, சர்க்கரையின் வேறு வடிவங்கள்.

அடுத்து மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஸ்டீவியா பொட்டலங்கள். ஸ்டீவியா எனப்படும் சீனித்துளசி தென் அமெரிக்காவின் பராகுவே பகுதியைச் சேர்ந்த செடி; அங்குள்ள குவாரனி மக்கள் நெடுங்காலமாக அதன் இலையைத் தங்கள் பானங்களில் இனிப்புக்காகப் பயன்படுத்தி வந்தார்கள். ஜப்பானில் 1970களிலிருந்தே அதன் சாறு உணவுத் தொழிலில் இருக்கிறது. இந்தியாவில் 2015இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்த பிறகுதான் இவ்வளவு டப்பாக்கள் வந்தன. இலையில் உள்ள ஸ்டீவியால் கிளைகோசைடு என்ற சேர்மங்கள் சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு இனிப்பவை. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு கரண்டி சர்க்கரையின் இனிப்புக்கு அதில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் போதும். அந்த அளவை யாராலும் கையால் எடுத்துப் போட முடியாது. ஆகவே பொட்டலத்தை நிரப்ப வேறு ஒரு தூளைச் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், லாக்டோஸ் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸேதான். மால்டோடெக்ஸ்ட்ரின் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் வெள்ளைச் சர்க்கரையை முந்திவிடும்.

இதைக் கேட்டவுடன் பயந்து எல்லாப் பொட்டலங்களையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு கிராமுக்கும் குறைவான சிறு பொட்டலம் ஒன்றை நாளுக்கு இரண்டு முறை காபியில் கலப்பதால் கணக்கு கெட்டுப்போகாது. கெடுப்பவை "சர்க்கரைக்குச் சமமான அளவு போடலாம்" என்று விற்கப்படும் பெரிய டப்பாக்கள். பாயசத்துக்கு அரைக் கோப்பை, கேக்குக்கு ஒரு கோப்பை என்று அளந்து போடும்போது நிரப்புத்தூள் முழுவதும் உணவில் சேர்ந்துவிடுகிறது. பொருள் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுவதால், முதலில் வரும் பெயரே டப்பாவில் அதிகம் இருப்பது. ஸ்டீவியா என்ற பெயர் கடைசியில் வந்தால் அது தவறு என்று பொருளல்ல, அப்படித்தான் வரும். அதற்கு முன்னால் என்ன வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கூடவே பட்டியலில் இனிப்பூட்டிகளைக் குறிக்கும் எண்களையும் பார்க்கலாம்: 960 என்றால் ஸ்டீவியா, 968 எரித்ரிட்டால், 965 மால்டிட்டால், 955 சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி. முன்பக்கம் இலைப்படம் போட்ட டப்பாவின் பின்பக்கத்தில் 955 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுக்ரலோஸ் அனுமதிக்கப்பட்ட பொருள்தான், அதை விரும்பி வாங்குபவர்கள் வாங்கட்டும். இலைக்குப் பின்னால் ஒளித்து விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்த வகைகளில் நான் தொடர்ந்து வாங்குவது திரவ ஸ்டீவியா, அதாவது சொட்டு மருந்துக் குப்பி போன்ற சிறு புட்டியில் வருவது. தண்ணீர், ஸ்டீவியா சாறு, கெடாமல் காக்கும் ஒரு பொருள் ஆகியவற்றோடு பட்டியல் முடிந்துவிட வேண்டும். நான் வாங்குவதில் அப்படித்தான் இருக்கிறது. நிரப்புத்தூளுக்கு இங்கே வேலையே இல்லை. ஃபில்டர் காபியில் இது நன்றாகவே பொருந்துகிறது. டிகாக்‌ஷன் சற்றுக் கெட்டியாக இருந்தால் காபியின் கசப்பு ஸ்டீவியாவின் கசப்பை மூடிவிடுகிறது. சிக்கரி கலந்த தூளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தம்ளருக்கு மூன்று நான்கு சொட்டு போதும். இனிப்பு போதவில்லை என்று எட்டு சொட்டு விட்டால் இனிப்பு அதிகமாவதில்லை, கசப்புதான் எழுகிறது. ஸ்டீவியாவின் சேர்மங்கள் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளோடு கசப்பை உணரும் ஏற்பிகளையும் தூண்டுகின்றன. ஓர் அளவுக்கு மேல் இனிப்பு ஏறாமல் நின்றுவிட, கசப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இனிப்பு தெரிவதும் சற்றுத் தாமதமாகத்தான்: முதல் மிடறில் வெறும் காபியாக இருந்து, விழுங்கிய பிறகு தொண்டையில் இனிப்பு தங்கும். பழகச் சில நாட்கள் ஆகும். புட்டியை வாங்கும்போது ஸ்டீவியா சேர்மங்களில் ஒன்றான ரெபாடியோசைடு ஏ என்று குறிப்பிட்டிருந்தால் கசப்பு குறைவு. ரெபாடியோசைடு எம் என்று இருந்தால் இன்னும் குறைவு, விலையோ அதற்கேற்பக் கூடுதல்.

தேநீரில் இதற்கு அவ்வளவு நல்ல மதிப்பெண் கொடுக்க முடியாது. பாலும் இஞ்சியும் ஏலக்காயும் சேர்ந்த தேநீரில் அதிமதுரம் போன்ற ஒரு பின்சுவை துருத்திக்கொண்டு தெரிகிறது. பட்டர் டீ குடிப்பவர்களுக்கு அந்தக் குறை குறைவாகத் தெரியும், வெண்ணெய் நாக்கில் படர்ந்துவிடுகிறது. எலுமிச்சைச் சாற்றில் உப்பு ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டு இரண்டு சொட்டு விட்டால் குறை சொல்ல எதுவும் இல்லை. தயிரில் மட்டும் வேண்டாம்.

உலர்ந்த சீனித்துளசி இலையையும் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கிறார்கள். பதப்படுத்தாத இலைதானே உண்மையான இயற்கை என்ற எண்ணத்தில் பலர் இதை நாடுகிறார்கள். வாயில் போட்டு மென்றால் வியப்பூட்டும் இனிப்பு, அதன் பின்னால் வேப்பங்கொழுந்தை நினைவூட்டும் கசப்பு. கொதிக்கவைத்தால் பச்சை நிறமும் புல் வாசமும் இறங்கிக் காபியையே கெடுத்துவிடுகிறது. ஆய்வுகளும் பாதுகாப்பு வரம்புகளும் சுத்திகரித்த சாறுக்கே வகுக்கப்பட்டவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முழு இலையையும் கச்சாச் சாற்றையும் இனிப்பூட்டியாக ஏற்கவில்லை. சுத்திகரித்த சாறுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் என்பது அன்றாட வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 240 மில்லிகிராம். காபிக்கு நான்கு சொட்டு விடுபவர் அந்த எல்லைக்கு அருகில்கூடப் போவதில்லை.

அதே நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரத்தையும் சர்க்கரைக்கு மாற்றாகச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இருமலுக்குச் சிறு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது வேறு, நாள்தோறும் தேநீரில் தூளாகப் போடுவது வேறு. அதில் உள்ள கிளிசிரைசின் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதை இனிப்பாகப் பயன்படுத்தவே கூடாது.

இனி சமையலுக்கு வருவோம். ஸ்டீவியா சொட்டுகள் பானத்தோடு நின்றுவிடும். பண்டத்துக்கு எடையும் உருவமும் வேண்டும். அதற்காகப் பேலியோ வட்டாரத்தில் எல்லோரும் வாங்குவது எரித்ரிட்டால். பார்வைக்கு அசல் சர்க்கரை போன்றே பளபளக்கும் வெண்படிகம். திராட்சை, பேரிக்காய் போன்ற பழங்களில் இயல்பாகச் சிறிதளவு இருப்பதால் "இயற்கை" என்கிறார்கள். டப்பாவில் வருவதோ பெரும்பாலும் மக்காச்சோள மாவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸை ஈஸ்டைக் கொண்டு நொதிக்கவைத்துத் தொழிற்சாலையில் எடுப்பது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் பழத்திலிருந்து பிழிந்தது என்று எண்ணி யாரும் வாங்க வேண்டாம். சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி இருக்க, இதில் 0.2 கலோரிதான். இனிப்பு சர்க்கரையில் அறுபது எழுபது விழுக்காடு. உட்கொண்டதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் இரத்தச் சர்க்கரை ஏறுவதில்லை. ஊட்டச்சத்து அட்டவணையில் "மாவுச்சத்து 99 கிராம்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் அதிர்ந்துபோகிறார்கள். வேதியியல்படி அது மாவுச்சத்து வகைதான், உடல் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதால் நம் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.

அடுப்பில் இது காட்டும் குணங்களை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் டப்பாவில் அவற்றை யாரும் எழுதுவதில்லை. தேங்காய்ப்பால், முந்திரி, ஏலக்காய் சேர்த்து எரித்ரிட்டாலில் செய்த பாயசம் சூடாக இருக்கும்போது எந்த வேறுபாடும் தெரியாது. அதையே குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் அடியில் படிகம் கட்டி, வாயில் நறநறவென்று கடிபடும். 25 டிகிரி வெப்பத்தில் நூறு மில்லி தண்ணீரில் இது சர்க்கரையைவிட மிகக் குறைவாகத்தான் கரையும். சர்க்கரையோ 200 கிராம் வரை கரைந்து நிற்கும். இந்த ஒரு காரணத்தால் பாகு என்பது எரித்ரிட்டாலில் நடக்காத காரியம். கம்பிப் பதத்துக்காக எவ்வளவு நேரம் கிளறினாலும் கம்பி வராது, ஆறியதும் பாறையாக உறைந்துவிடும். மைசூர்பாகு, அதிரசம், கடலை மிட்டாய் ஆகிய பாகுப் பண்டங்களை மறந்துவிடலாம். பொன்னிறமாகக் கருகும் வாசமும் இதில் வராது. பர்ஃபி வகைகள் ஓரளவு வரும்: மிக்ஸியில் மாவாக அரைத்து, துருவிய தேங்காயோடும் நெய்யோடும் கலந்து அன்றே தின்றுவிட்டால் நன்றாக இருக்கும். பாதாம் மாவு கேக்கிலும் குறை தெரிவதில்லை.

இன்னொரு குணம் குளிர்ச்சி. கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் நாக்கில் பெப்பர்மின்ட் போட்டது போன்ற சில்லிப்பு எழும். குல்ஃபியில் இது பொருத்தம். நெய் மணக்கும் பாதாம் அல்வாவில் கொஞ்சமும் பொருந்தவில்லை. எரித்ரிட்டாலின் அளவைப் பாதியாகக் குறைத்து, மீதி இனிப்புக்கு ஸ்டீவியா இரண்டு சொட்டு சேர்த்தால் சில்லிப்பும் கசப்பும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. நான் சமைத்துப் பார்த்தவற்றில் சிறந்த ஏற்பாடு இதுதான், செலவும் குறைகிறது. எரித்ரிட்டால் "சர்க்கரை ஆல்கஹால்" என்ற இனிப்பூட்டி வகையைச் சேர்ந்தது (மது அல்ல); வயிற்றைப் பொறுத்தவரை அந்த வகையில் மற்றவற்றைவிட இது சாது. மால்டிட்டால், சார்பிட்டால் சேர்த்த "சுகர் ஃப்ரீ" பண்டங்களை நாலைந்து தின்றால் வயிறு உப்பிக் கழிச்சல் வரை போகும். மால்டிட்டால் இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். கடைகளில் கிடைக்கும் சர்க்கரையில்லா மிட்டாய்களை நான் தொடுவதில்லை. சைலிட்டால் வாங்குபவர்கள் வீட்டில் நாய் இருந்தால் இருமுறை யோசிக்க வேண்டும். மனிதருக்கு ஒத்துக்கொள்ளும் அந்தப் பொருள் நாய்க்குக் கொடிய நஞ்சு.

மங்க் ஃப்ரூட் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. சீனாவின் குவாங்சி பகுதியில் விளையும் லுவோ ஹான் குவோ என்ற பழத்தின் சாறு அது. மோக்ரோசைடு என்ற சேர்மத்தால் இனிக்கிறது, கசப்பு ஸ்டீவியாவைவிடக் குறைவு. தனிச் சாறாகக் கிடைத்தால் சுவையில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படும் பெரும்பாலான டப்பாக்களில் பழச்சாறு நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான், மற்றதெல்லாம் எரித்ரிட்டால். பழத்தின் படத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எரித்ரிட்டால் குறித்து ஒரு செய்தியை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 பிப்ரவரியில் நேச்சர் மெடிசின் இதழில் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாகக் காட்டியது. அது தொடர்பைக் காட்டியதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. நம் உடலே சிறிதளவு எரித்ரிட்டாலை உற்பத்தி செய்கிறது என்பதால் அந்த அளவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் எழுந்தது. அதே குழுவினர் 2024இல் ஆரோக்கியமானவர்களுக்கு 30 கிராம் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத் தட்டணுக்கள் உறையும் தன்மை கூடியது. அந்த 30 கிராம் என்பது ஒரு பெரிய கிண்ணம் பாயசத்தில் எளிதாக உள்ளே போய்விடும் அளவு. ஆகவே எங்கள் வீட்டில் எரித்ரிட்டால் பண்டிகை நாளுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும், அதுவும் சிறு கிண்ணத்தில். இதய நோய் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுதலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அது பரிந்துரைத்தது; அந்தப் பட்டியலில் ஸ்டீவியாவும் உண்டு. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும், எரித்ரிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் அதில் அடங்காது என்றும் அதிலேயே கூறப்பட்டிருக்கிறது. பேலியோவை எடைக்காக மட்டும் எடுப்பவர்களும் நீரிழிவுக்காக எடுப்பவர்களும் ஒரே டப்பாவை ஒரே நம்பிக்கையோடு வாங்குவது சரியல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது. எடைக்காக வருபவர்கள் நாலு சொட்டை மூன்றாகவும் பின்பு இரண்டாகவும் குறைத்துக்கொண்டே போவது நல்லது. காபிக்கு அது கைகூடுகிறது, நாக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு விரைவில் இறங்கி வருகிறது.

விலையைப் பொறுத்தவரை திரவ ஸ்டீவியா புட்டி முதலில் கையைக் கடிப்பதாகத் தோன்றினாலும் ஒரு தம்ளர் காபிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. எரித்ரிட்டால் கிலோவுக்குச் சர்க்கரையைப் போலப் பல மடங்கு, இனிப்போ அதைவிடக் குறைவு என்பதால் உண்மைச் செலவு இன்னும் கூடும். மங்க் ஃப்ரூட் கலவை அதற்கும் மேல். என் மதிப்பெண்: திரவ ஸ்டீவியாவுக்கு ஐந்தில் நான்கு, எரித்ரிட்டாலுக்கு மூன்று, மங்க் ஃப்ரூட் கலவைக்கு இரண்டரை, மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்த ஸ்டீவியா டப்பாவுக்கு ஒன்று, உலர் இலைக்கு அந்த ஒன்றும் வேண்டாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைக் குறைப்பவர்களுக்கு இன்னும் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மருத்துவர் குறைப்பதற்கு முன்பே உணவை மாற்றினால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்வையும் கை நடுக்கமும் வரலாம். அந்த நேரத்தில் வீட்டார் பதறி ஸ்டீவியா கலந்த காபியையோ எரித்ரிட்டால் உருண்டையையோ கொடுத்தால் பயனேதும் இல்லை, அவை இரத்தச் சர்க்கரையை ஏற்றாது. மூன்று கரண்டி வெள்ளைச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவியில் (குளுக்கோமீட்டரில்) பார்க்க வேண்டும். ஆகவே பேலியோ வீடாக இருந்தாலும் அலமாரியில் ஒரு சிறு டப்பா சர்க்கரையை, அது எதற்கு என்று எழுதி ஒட்டி, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வைத்திருங்கள்.